தண்ணீரில் மிதக்கும் குரங்கு

கேள்வி:

ஐயா, வணக்கம். என் அப்பா சிங்கப்பூர் துறைமுகத்தில் சரக்குக் கணக்கராக முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அவருக்குப் பொடி போடும் பழக்கம் கிடையாது. ஆனால் சீனர்களின் பழைய மூக்குப்பொடிக் குப்பிகள் என்றால் ஒரு பித்து. 1968-லிருந்து 1985 வரை சைனாடவுன் கடைகளில் ஒவ்வொன்றாக வாங்கினார். ஒருமுறை ஹாங்காங் போனபோது ஹாலிவுட் ரோட்டிலும் வாங்கினார். மொத்தம் 23. எந்தக் கடை, என்ன தேதி, எத்தனை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று ஒரு டைரியில் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். அதில் ஒரு குப்பியை ஞாயிற்றுக்கிழமைகளில் சொம்புத் தண்ணீரில் மிதக்கவிட்டு எங்களுக்கு வேடிக்கை காட்டுவார். சென்ற வருஷம் தவறிவிட்டார்.

ஒரு கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு மொத்தத்துக்கும் 4,000 வெள்ளி தருகிறேன் என்கிறார். இன்னொரு நிறுவனம் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, அடியில் சியன்லுங் பேரரசரின் பெயர் முத்திரை உள்ள குப்பி ஒன்றே 12 லட்சம் வெள்ளிக்குப் போகும் என்கிறது. ஆனால் கண்காட்சிக் கட்டணமாக 3,800 வெள்ளி முன்பணம் கேட்கிறது. தஞ்சாவூரில் இருக்கும் தம்பியோ, எல்லாவற்றையும் ஊருக்கு எடுத்து வா, பங்கு போட்டுக்கொண்டு நிதானமாக விற்கலாம் என்கிறான். நான் என்ன செய்ய? ஆறு குப்பிகளின் கிட்டப் படங்களும், எல்லாவற்றையும் சேர்த்து எடுத்த ஒரு படமும் அனுப்பியிருக்கிறேன்.

ஒரு வாசகி, சிங்கப்பூர்

பதில்:

அன்புள்ள அம்மா,

அந்த 3,800 வெள்ளியைக் கட்டாதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம்.

இந்த ஏமாற்று வேலை எனக்குப் புதிதல்ல. சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங் என்று எங்கெல்லாம் வீட்டு அலமாரியில் பழைய சீனப் பொருள் இருக்கிறதோ அங்கெல்லாம் நடக்கிறது. கைப்பேசியில் எடுத்த ஒரு படத்தைப் பார்த்தே லட்சக்கணக்கில் மதிப்புச் சொல்வார்கள். கேட்டவருக்குத் தலை கிறுகிறுக்கும். பிறகு விளம்பரம், கண்காட்சி, அச்சுப் புத்தகம், அயல்நாட்டு வாங்குநருக்கு அழைப்பு என்று ஏதோ ஒரு பெயரில் முன்பணம் வாங்குவார்கள். ஏலம் நடந்ததாகவும் சொல்வார்கள். யாரும் கை தூக்கவில்லை என்று பொருள் திரும்பி வரும், கட்டணம் மட்டும் வராது. அவர்களின் தொழிலே அந்தக் கட்டணம்தான். பொருள் விற்றால்தான் தனக்குக் காசு என்ற நிலையில் இருப்பவர் மதிப்பைக் கூட்டிச் சொல்லத் தயங்குவார். விற்காமலே காசு கிடைக்கிறவருக்கு 12 லட்சம் என்று சொல்ல என்ன தடை?

ஒழுங்கான ஏல நிறுவனம் முன்பணம் கேட்காது. படங்களைப் பார்த்து உத்தேச மதிப்பை இலவசமாகவே சொல்லும். பொருள் விற்ற பிறகுதான் தன் தரகையும், காப்பீடு, படம் எடுத்த செலவு போன்றவற்றையும் விலையில் கழித்துக்கொள்ளும்.

இனி குப்பிகளுக்கு வருகிறேன். நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது சியன்லுங் முத்திரை இல்லை, சொம்புத் தண்ணீர்.

மூக்குப்பொடி சீனாவுக்கு 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வழியாக, முக்கியமாக ஜெசுவிட் பாதிரிமார் வழியாக, வந்தது. ஐரோப்பாவில் அதைத் தட்டையான டப்பியில் வைத்திருப்பார்கள். நம் தாத்தாக்கள் வாழை மட்டையில் வைத்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள். சீனர்களிடம் மருந்துப்பொடி வைக்கிற சின்னக் குப்பி முன்பே இருந்தது. தக்கை வைத்து இறுக்கினால் ஈரக்காற்று உள்ளே போகாது. சட்டைப்பை இல்லாத நீள அங்கியின் கைமடிப்பிலும் இடைப்பையிலும் அடங்கும். மூடியோடு ஒட்டிய சின்னக் கரண்டியால் பொடியை எடுக்கலாம். அந்த மருந்துக் குப்பியே பொடிக் குப்பி ஆயிற்று. காங்ஷி பேரரசர் 1696-ல் அரண்மனைக் கண்ணாடிப் பட்டறையைத் தொடங்கினார். அதை நிறுவி நடத்தியவர் கிலியான் ஸ்டும்ப் என்ற ஜெர்மானியப் பாதிரியார். அங்கிருந்து இந்த உள்ளங்கை உயரக் குப்பிகள் அரண்மனையின் அன்பளிப்புப் பொருள்கள் ஆயின. அதிகாரிகள், வணிகர்கள், கொஞ்சம் வசதி உள்ளவர்கள் என்று பழக்கம் பரவியது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் கண்ணாடி, பீங்கான், ஜேடு, அகேட், ஸ்படிகம் போன்ற கற்கள், பவளம், அம்பர், அரக்கு, தந்தம் என்று கைக்குக் கிடைத்த எல்லாவற்றிலும் குப்பி செய்தார்கள். 1911-ல் சிங் வம்சம் வீழ்ந்தபோது பொடி போடும் பழக்கமும் ஓய்ந்துவிட்டது. குப்பி செய்வது மட்டும் நிற்கவில்லை, இன்றுவரை செய்கிறார்கள். உங்கள் வீட்டுச் சிக்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

கண்ணாடிக் குப்பியை ஊதிச் செய்துவிடலாம். கல்லில் அப்படி முடியாது. கழுத்தின் துளை சுண்டுவிரல் நுனிகூட நுழையாத அளவு, ஐந்தாறு மில்லிமீட்டர்தான். அந்தத் துளை வழியாக வளைந்த கம்பியை விட்டு, தேய்ப்பு மணலும் தண்ணீரும் சேர்த்து, உள்ளே கண் தெரியாமல், தோள்பட்டைக்கு அடியில் இருக்கும் கல்லையும் சுரண்டி எடுக்க வேண்டும். எஃகு உளி ஜேடையோ அகேட்டையோ செதுக்காது, மணல்தான் தேய்க்கும். சுவர் சில இடங்களில் முட்டை ஓடு போல் ஆகும்வரை தேய்த்தார்கள். ஒரு தவறு நேர்ந்தால் அதுவரை செய்த வேலை முழுவதும் வீண்.

உங்கள் வீட்டு மிதக்கும் குப்பி அகேட் கல். அகேட் தண்ணீரைப் போல 2.6 மடங்கு கனமானது. அது மிதக்க வேண்டுமானால் வெளியே தெரிகிற உருவத்தில் 60 சதவீதத்துக்கு மேல் உள்ளே காலியாக இருக்க வேண்டும். உங்கள் அப்பா வேடிக்கை காட்டியதாக நினைத்திருக்கிறீர்கள். உண்மையில் அவர் தன் குப்பியைச் சோதித்துக் காட்டியிருக்கிறார். விவரம் தெரிந்த சேகரிப்பாளர்கள் செய்கிற சோதனை அது. அடியில் எழுதிய முத்திரையை யார் வேண்டுமானாலும் அரைமணியில் எழுதிவிடலாம். உள்ளே குடைந்ததை அவசரத்தில் போலி செய்ய முடியாது. மலிவான புதுக் கல் குப்பிகளில் பெரும்பாலானவற்றைப் பாருங்கள், கழுத்திலிருந்து நேராகக் கீழே ஒரு குழாய்த் துளை மட்டும் இருக்கும், தோள் இரண்டும் கெட்டிக் கல்லாகவே விட்டிருக்கும். கையில் எடுத்தால் எடைக்கல் மாதிரி கனக்கும். இதிலும் விலக்கு உண்டு. நல்ல பழைய ஜேடு குப்பிகளில் சில, கல்லின் நிறம் வெளுத்துவிடக் கூடாது என்றே கனமாக விடப்பட்டவை. இன்றைய மின்கருவியும் நன்றாகக் குடையும். ஆனாலும் நான் ஒரு குப்பியைக் கையில் வாங்கினால் முதலில் எடை பார்ப்பேன், பிறகு வெளிச்சத்தில் தூக்கிக் கழுத்து வழியாக உள்ளே பார்ப்பேன். அடியைத் திருப்பிப் பார்ப்பது கடைசியில்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு 23-ஐயும் சொம்பில் போட்டுவிடாதீர்கள். உட்புறம் ஓவியம் தீட்டிய குப்பிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் போச்சு. நான் தொழில் பழகிய நாட்களில், வாடிக்கையாளர் ஒருவரின் கண்ணாடிக் குப்பியை, அழுக்கு என்று நினைத்து வெந்நீரில் அலசினேன். அழுக்கு என்று நான் நினைத்தது மலை. அதன் அடிவாரத்தில் ஒரு கிழவர் கழுதைமேல் போய்க்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷத்தில் மலையும் இல்லை, கழுதையும் இல்லை, கிண்ணத்தில் சாம்பல் நிறத் தண்ணீர் மட்டும் இருந்தது. அந்தக் கிண்ணத்தை இன்னும் வைத்திருக்கிறேன். எந்தக் குப்பியையும் கழுவ வேண்டாம். உள்ளே பழுப்பாகப் பொடி ஒட்டியிருந்தால் அப்படியே இருக்கட்டும்.

உங்கள் ஆறு படங்கள்.

முதலில் அந்த மிதக்கும் அகேட். சாம்பல் கலந்த தேன் நிறக் கல். கல்லுக்குள் இயற்கையாக ஓடிய கரும்பழுப்புத் திட்டை வீணாக்காமல், அதையே குதிரையாகவும் மேலே உட்கார்ந்த குரங்காகவும் செதுக்கியிருக்கிறார்கள். குரங்கு குதிரைமேல் ஏறுவது சீனர்களுக்கு ஒரு சிலேடை வாழ்த்து. ‘குதிரைமேல்’ என்பதற்கான சீனச் சொல்லுக்கு ‘உடனே’ என்றும் பொருள். குரங்கைக் குறிக்கும் ‘ஹோ’ என்ற ஒலியே பிரபுப் பட்டத்தையும் குறிக்கும். ‘உனக்கு உடனே பதவி கிடைக்கட்டும்’ என்பது வாழ்த்து. அரசுத் தேர்வு எழுதி அதிகாரி ஆகிறவருக்குப் பொருத்தமான பரிசு. நம் காளமேகம் பார்த்திருந்தால் ரசித்திருப்பார்.

இந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது செதுக்கியது இல்லை, செதுக்காமல் விட்டது. குரங்கின் முதுகில் நாலைந்து கோடுதான் போட்டிருக்கிறார், மீதியைக் கல்லே வரைந்திருக்கிறது. வாய் விளிம்பில் சிதைவு தெரியவில்லை. அடிப்பாதம் ஒழுங்கான முட்டை வடிவம். முத்திரை எதுவும் இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. கையில் பார்த்தபின் மாறலாம் என்ற நிபந்தனையோடு சொல்கிறேன்: 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியாக இருக்கலாம். ஏலத்தில் 2,000-லிருந்து 4,000 அமெரிக்க டாலர் எதிர்பார்க்கலாம். கடைக்காரர் மொத்தத்துக்கும் 4,000 வெள்ளி சொன்னது எதைப் பார்த்து என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அவரை நான் குறை சொல்லவில்லை. வாங்குகிறவர் குறைத்துக் கேட்பது வியாபாரம்தான். மற்றவரைவிட அவர் நேர்மையானவர், தன் காசைப் போட வந்தார்.

இரண்டாவது, வெண்பனி விழுந்த மாதிரி நுண்குமிழிகள் தெரியும் கண்ணாடிமேல் நீலக் கண்ணாடியை ஒரு அடுக்காகப் போர்த்தி, அந்த நீலத்தை மட்டும் செதுக்கித் தாமரையும் மீனுமாக விட்டிருப்பது. இதைத்தான் பீக்கிங் கண்ணாடி என்பார்கள். வேலை நன்றாக இருக்கிறது. நீலம் முடியும் ஓரங்கள் மெழுகுபோல் வழவழப்பாக இல்லாமல், விரல் நகம் தடுக்கும்படி கூர்மையாக நிற்கின்றன என்று படத்திலேயே தெரிகிறது. ஆனால் வாய் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. அது இல்லாவிட்டால் 800 டாலர் என்பேன், இப்போது 300 வந்தால் சரி. யாரோ ஒருவர் அந்த விளிம்பைத் தேய்த்துச் சமன் செய்து தருகிறேன் என்பார், சம்மதிக்காதீர்கள். சில்லு பெயர்ந்த குப்பியை வாங்க ஆள் உண்டு. கழுத்தைக் குட்டையாக்கிய குப்பியை விவரம் தெரிந்தவர் தொடமாட்டார்.

மூன்றாவது, உட்புற ஓவியம். இந்த வகைதான் பார்ப்பவரை முதலில் மயக்கும். குப்பியின் உட்சுவரை மணல் போட்டுக் குலுக்கி மங்கலாக்கி, நுனி வளைந்த மூங்கில் பேனாவைக் கழுத்து வழியாக விட்டு, எல்லாவற்றையும் இடவலம் மாற்றி உள்ளிருந்து வரைவார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பீக்கிங்கில் ஜோ லெயுவான், அவருக்குப் பின் மா ஷாவ்ஷுவான், யே ஜோங்சான் ஆகியோர் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். உங்கள் குப்பியில் தங்கமீன்கள், பின்புறம் நாலு வரிக் கவிதை, மா ஷாவ்ஷுவான் கையெழுத்து, ‘யீவெய்’ ஆண்டு.

சீனர்களுக்கும் நம்மைப் போலவே அறுபது ஆண்டுச் சுற்று. நம் பிரபவ, விபவ போல அவர்களுக்கும் அறுபது பெயர். யீவெய் என்பது நம் மன்மத ஆண்டோடு பொருந்தி வரும்: 1895, 1955, 2015. மா 1939-ல் இறந்தவர். அவர் வரைந்ததாக இருந்தால் 1895-ஆகத்தான் இருக்க வேண்டும். ஆனால் தங்கமீன் யே குடும்பத்தின் பெயர்பெற்ற பாணி. மா புகழ்பெற்றது முகச்சித்திரத்துக்கும், அச்சு வார்த்த மாதிரியான எழுத்துக்கும். உங்கள் குப்பியில் மீன் பரவாயில்லை. எழுத்தைப் பாருங்கள், வரி போகப்போகச் சரிந்து கடைசி எழுத்து இடம் போதாமல் நசுங்கிக் கிடக்கிறது. மா அப்படி எழுதுகிறவர் இல்லை. டைரியில் இதை 1979-ல் சுற்றுலாக் கடையில் 25 வெள்ளிக்கு வாங்கியதாக இருக்கிறது என்று நீங்களே படத்தின் கீழ் எழுதியிருக்கிறீர்கள். அந்த விலையை அப்பா சரியாகத்தான் கொடுத்திருக்கிறார். இன்று 50 வெள்ளி போகலாம். உண்மையான மா என்றால் சில ஆயிரம் டாலரில் விலை தொடங்கும். அதனால்தான் அவர் கையெழுத்தை இத்தனை பேர் போட்டிருக்கிறார்கள்.

நான்காவது, 12 லட்ச வெள்ளிக் குப்பி.

பீங்கான். ரோஜா நிற எனாமலில் குழந்தைகள் விளையாடும் காட்சி, அடியில் சிவப்பில் நாலெழுத்து சியன்லுங் முத்திரை. சியன்லுங் பேரரசர் 1736 முதல் 1795 வரை ஆண்டவர். அவர் பெயரை அவர் காலத்துப் பட்டறையும் போட்டது, அவருக்கு நூறு வருஷம் பின்னால் வந்தவர்களும் போட்டார்கள், இப்போதும் போடுகிறார்கள். எல்லோரும் ஏமாற்றுவதற்காகப் போட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. பழைய பொற்காலத்துக்கு ஒரு கும்பிடு என்ற வழக்கம் சீனாவில் உண்டு. உங்கள் குப்பியில் குழந்தைகளின் முகம் ஆறும் ஒரே முகம். புல்லின் பச்சை தட்டையாகக் கிடக்கிறது. எனாமல் மேற்பரப்பில் பயன்பட்ட தேய்மானமே இல்லை. தேய்ந்திருக்க வேண்டிய அடிப்பாதம் மட்டும் யாரோ மண் பூசிவிட்ட மாதிரி ஒரே சீராக அழுக்காக இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி என்று நினைக்கிறேன். 60, 80 வெள்ளி.

அந்த நிறுவனம் 12 லட்சத்தை எங்கிருந்து எடுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு உண்மை இருக்கிறது. மேரி, ஜார்ஜ் பிளாக் தம்பதி சேர்த்து வைத்திருந்த 1,700-க்கும் மேற்பட்ட குப்பிகள் 2010 முதல் 2015 வரை ஹாங்காங்கில் பத்துத் தவணையாக ஏலம் போயின. 2011 நவம்பரில் போன்ஹாம்ஸ் ஏல நிறுவனம் நடத்திய தவணையில், சியன்லுங் காலத்து அரண்மனைப் பட்டறையில் கண்ணாடிமேல் எனாமல் தீட்டிய ஒரு குப்பி 2 கோடியே 53 லட்சம் ஹாங்காங் டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் முப்பது லட்சம் அமெரிக்க டாலருக்கும் மேல். சீனப் பெருநிலத்துப் பணக்காரர்கள் ஏல அரங்கில் அட்டையைக் கீழே இறக்காமல் உட்கார்ந்திருந்த காலம் அது.

ஆனால் அந்தக் குப்பியை வைத்து உங்கள் குப்பிக்கு விலை சொல்வது, சோழர் காலத்து நடராஜரின் விலையைக் காட்டிப் பூம்புகார் கடைச் சிலைக்கு விலை கேட்கிற மாதிரி. கண்ணாடிமேல் எனாமல் சுடுவது மிகக் கடினமான வேலை. எனாமல் உருகுகிற சூட்டுக்கும் கண்ணாடியே தொய்ந்து சரிகிற சூட்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அரண்மனைப் பட்டறையிலேயே தேறியவை கொஞ்சம்தான். அதோடு அந்தக் குப்பி எந்தச் சேகரிப்பில் இருந்தது, எந்த நூலில் அச்சானது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற வரலாறு அதோடு வந்தது. விலையில் ஒரு பெரிய பங்கு அந்த வரலாற்றுக்கு.

ஐந்தாவது, தந்தம். பக்கவாட்டில் வலைபோலக் குறுக்குக் கோடுகள் மங்கலாகத் தெரிவதால் யானைத் தந்தம் என்றே நினைக்கிறேன். இதற்கு நான் விலை சொல்லப் போவதில்லை. சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 1 முதல் யானைத் தந்தத்தை விற்பதும், விற்பனைக்கு வைப்பதும் தடை. ஹாங்காங்கிலும், 1925-க்கு முற்பட்ட பழம்பொருளைத் தவிர, 2021 முடிவோடு கதவு மூடிவிட்டது. சிங்கப்பூரில் நீங்கள் வீட்டில் வைத்திருக்கலாம், விற்கக் கூடாது, விளம்பரமும் செய்யக் கூடாது. தந்தமா என்று சோதிக்கச் சூடேற்றிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஓட்டை மட்டும் மிஞ்சும்.

ஆறாவது, வெளிர்மஞ்சள் கண்ணாடிக் குப்பி. இதன் பாதத்தில் பழுப்புச் சிவப்பாகப் பட்டாணி அளவுக்கு அரக்குத் துண்டு ஒட்டியிருக்கிறது, அழுக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். சுரண்டிவிடவில்லையே? 1949-க்குப் பிறகு சீனாவிலிருந்து வெளியே போக அனுமதிக்கப்பட்ட பழம்பொருள்மேல் அதிகாரிகள் குத்திய அரக்கு முத்திரை அது. பழையது என்பதற்கு அது சான்றிதழ் என்று பல கடைகளில் சொல்லி விற்றார்கள். உண்மையில் பாதி தலைகீழ். அப்போதைய விதிப்படி 1795-க்கு முற்பட்ட பொருள்களை வெளியே விடுவது பொதுவாகத் தடை. முத்திரை குத்தி அனுப்பினார்கள் என்றால், அது அவ்வளவு பழையது இல்லை என்று ஒரு அதிகாரி கருதினார் என்று அர்த்தம். அதே சமயம் நேற்றுச் செய்ததும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதி என்று வைத்துக்கொள்ளுங்கள், 200, 250 டாலர். அதிகாரிகளின் கண்ணுக்குத் தப்பி நல்லது வெளியேறிய கதைகளும் உண்டு. கையில் பார்க்க ஆசையாக இருக்கிறது, நிறம் நன்றாக இருக்கிறது.

மூடிகளைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். குப்பியோடு பிறந்த மூடி அபூர்வம். தொலைந்து, மாற்றி, கடைக்காரர் கையில் இருந்ததைச் செருகி என்று பெரும்பாலும் வளர்ப்புப் பிள்ளைகள்தான். விலையை அவ்வளவு பாதிக்காது. ஆனால் அகேட் குப்பிமேல் இருக்கும் பச்சை மூடியைப் பத்திரமாக வைத்திருங்கள். கண்ணாடியா, ஜேடைட்டா (ஜேடில் விலை உயர்ந்த வகை) என்று படத்தில் பிரிக்க முடியவில்லை. ஜேடைட் என்றால் அந்தப் பொட்டு மட்டுமே சில நூறு டாலர் பெறும்.

தம்பி விஷயம். அவர் நல்ல எண்ணத்தில் சொல்கிறார், ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு ஆன கலைப்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. அது எந்த நாட்டில் செய்தது என்பதை வைத்து விலக்குக் கேட்டுக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைய உங்களுக்கு வயதும் இல்லை, அவருக்குப் பொறுமையும் இருக்காது. இந்தக் குப்பிகளுக்கு நல்ல விலை தருகிறவர்கள் ஹாங்காங், லண்டன், நியூயார்க் ஏலங்களில் இருக்கிறார்கள். தஞ்சாவூர் அலமாரிக்குப் போனால் அவர்களைச் சென்றடையும் வழி அடைபட்டுவிடும். தந்தக் குப்பியை அனுமதி இல்லாமல் பெட்டியில் போட்டு விமானம் ஏறினால் இரண்டு பக்கமும் குற்றம். விற்ற பணத்தைப் பங்கு போடுங்கள், அல்லது விற்காத குப்பிகளை அவர் சிங்கப்பூர் வரும்போது பார்த்துக் கேட்கட்டும்.

எப்படி விற்பது? பெரிய ஏல நிறுவனங்கள் சில ஆயிரம் டாலருக்குக் கீழ்ப்பட்ட பொருளைத் தனியாக எடுப்பதில்லை. அகேட் ஒன்றுக்குத்தான் அந்த வாய்ப்பு. இரண்டு மூன்று நிறுவனங்களுக்குப் படம் அனுப்பி மதிப்பீடு கேளுங்கள். மிகக் கூடுதலாகச் சொல்பவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மதிப்பீட்டுத் தொகை குறைவாக இருந்தால் நாலு பேர் போட்டிக்கு வருவார்கள், போட்டிதான் விலையை ஏற்றும். மதிப்பீட்டை ஏற்றி வைத்து விற்காமல் போன குப்பியை அடுத்த வருஷம் கொண்டுவந்தால், போன தடவை சீந்தாதது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். இது சின்ன உலகம். இதற்கென்று 1968-லிருந்து அமெரிக்காவில் ஒரு சங்கமே இருக்கிறது, உறுப்பினர்களுக்கு ஒருவர் குப்பி இன்னொருவருக்கு மனப்பாடம்.

கணக்கையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஏலச் சுத்தியல் 3,000 டாலரில் விழுந்தால் வாங்கியவர் அதற்கு மேல் கால் பங்குக்கும் கூடுதலாக நிறுவனத்துக்குத் தருவார், அவர் கையைவிட்டுப் போவது 3,800 அளவில். உங்களிடமும் 10, 15 சதவீதம் தரகு, கூடவே செலவுகள். உங்களுக்கு வந்து சேர்வது 2,500 இருக்கலாம். செய்தித்தாளில் வருகிற ஏல விலை பெரும்பாலும் வாங்கியவர் கொடுத்தது, விற்றவர் பெற்றது இல்லை. குறைந்தபட்ச விலை ஒன்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே விற்கக் கூடாது. விற்காமல் போனால் என்ன கட்டணம் என்பதையும் அதே தாளில் கேளுங்கள்.

நீலக் கண்ணாடி, மஞ்சள் கண்ணாடி இரண்டையும் சிங்கப்பூரிலேயே ஒரு சின்ன ஏலத்தில் சேர்த்துப் போடலாம். உட்புற ஓவியத்தையும் பீங்கானையும் விற்று என்ன ஆகப் போகிறது, பேரப்பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிட்டப் படம் அனுப்பாத மற்றவற்றுக்கு நான் இப்போது எதுவும் சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றுக்கும் முன், பின், அடி, வாய் என நாலு படம், பக்கத்தில் ஒரு ஸ்கேல், கூடவே எடை. சமையலறைத் தராசு போதும். ஃபிளாஷ் வேண்டாம், காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்து எடுங்கள். கல் குப்பிகளுக்குப் பின்னால் ஒரு டார்ச் வைத்து இன்னொரு படம், சுவர் எங்கே மெல்லிசு, எங்கே கனம் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

டைரியை எந்தக் காரணத்துக்காகவும் யாரிடமும் கொடுக்காதீர்கள். மூலம் உங்களிடம், நகல் மட்டும் நிறுவனத்துக்கு. தேதி, கடைப் பெயர், கொடுத்த விலை என்று நாற்பது, ஐம்பது வருஷத்துக்கு முன்பே எழுதிய குறிப்பு இந்தச் சந்தையில் பலரிடம் இருப்பதில்லை. அகேட் குப்பி நேற்று முளைத்தது இல்லை என்று நிரூபிக்கிற ஒரே காகிதம் அதுதான். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் “ஹாலிவுட் ரோடு, குரங்கும் குதிரையும், 180 டாலர், கொஞ்சம் அதிகம்தான்” என்று எழுதியிருக்கிறார். தமிழில் இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், மொழிபெயர்த்துச் சான்றொப்பம் வாங்கி இணைக்கலாம். அந்தக் கடைசி இரண்டு வார்த்தையையும் விடாமல் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள்.

ஒரு சந்தேகம். கடிதத்தில் 23 என்று எழுதியிருக்கிறீர்கள். சேர்ந்து எடுத்த படத்தில் மூன்று முறை எண்ணிவிட்டேன், 22தான் வருகிறது. மேல் வரிசையில் இடமிருந்து ஐந்தாவது இடம் காலியாக, வெல்வெட்டில் குழி மட்டும் தெரிகிறது. அந்தக் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனது இந்தப் படம் எடுப்பதற்கு முன்பா, பின்பா?

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்